நீந்த வாரீர் என்கிறார்கள்!

தோழனே,

தீவுக்குப் போகத் திட்டம் தீட்டுகிறாய் என்று கேள்விப்பட்டேன். நீ மட்டுமா! ஊர்தோறும் இளைஞர்கள் கூடிப் பேசுகின்றனர். எந்தத் தீவு, எத்தனை நாள், எவ்வளவு செலவு, முகமூடியும் மூச்சுக்குழலும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமா, நீந்தத் தெரியாதவனும் இறங்கலாமா என்றெல்லாம் விசாரிக்கின்றனர். விசாரிக்கட்டும்; போகட்டும். மலையும் கடலும் மாளிகைவாசிகளுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்தல்ல. ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் கடலைக் கண்டு களிப்பது அவன் உரிமை. அந்த உரிமையை ஏளனம் செய்ய நான் எழுதுகோல் எடுக்கவில்லை.

எடுத்த காரணம் வேறு. போகும் இடம் இலட்சத்தீவு என்கிறார்கள். போவதற்குக் காரணம் கேட்டால், "மாலத்தீவுக்குப் பாடம் புகட்ட" என்கிறார்கள்! பவளம் பார்க்கப் போகிறேன் என்று சொல், வாழ்த்தி வழியனுப்புகிறேன். பாடம் புகட்டப் போகிறேன் என்று சொன்னால், சற்று நில் என்று தோளைத் தொட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது.

முதலில், எதைப் பார்க்கப் போகிறாய் என்பதைப் பார்ப்போம். ஸ்நார்கெலிங் என்று அதற்குப் பெயர். முதுகில் காற்றுக்குடுவை சுமந்து ஆழத்தில் மூழ்கும் வித்தையல்ல. கண்ணுக்கு ஒரு கண்ணாடி முகமூடி, வாய்க்கு வளைந்த மூச்சுக்குழல், காலுக்கு இரண்டு துடுப்பு, மார்புக்கு ஒரு மிதவைச் சட்டை. முகத்தை நீரில் கவிழ்த்து மிதந்தால் போதும். கீழே ஒரு நகரமே தெரியும். மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், மூளை போல மடிப்பு விழுந்த பவளம், இடுக்கில் பதுங்கும் மீன், கூட்டமாய்த் திரும்பும் மீன்! கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் ஓசைகூடக் காதில் விழும்.

கல் என்று தோன்றும், கல்லல்ல. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய குடியிருப்பு அது. அந்த உயிரின் உடலுக்குள்ளே நுண்ணிய பாசி ஒன்று குடியிருக்கிறது. பாசி வெயிலைப் பிடித்து உணவு சமைக்கிறது. பவளம் அதற்கு இருக்க இடம் கொடுக்கிறது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போகும்; வெளுக்கும். சூடு தணியாவிட்டால் பட்டினி கிடந்து சாகும்.

இலட்சத்தீவில் மலை இல்லை, ஆறு இல்லை, காடு இல்லை. அந்தத் தீவுகளே பவளம் பெற்ற பிள்ளைகள். கடல் மட்டத்திற்கு மேலே சில மீட்டர் உயரந்தான் தரை. பல தீவுகளின் அகலம் ஒரு நடைக்குக் காணாது. வெளியே அலையடிக்கும் ஆழ்கடல். அதைத் தடுத்து நிற்கும் பவளத்திட்டு. திட்டுக்கு உள்ளே அடங்கிக் கிடக்கும் பச்சை நீர்ப்பரப்பு. அதைக் காயல் என்போம். நீ மிதக்கப்போகும் இடம் அதுதான். உனக்கு அது வேடிக்கை. தீவுக்காரனுக்கு அது வீட்டு மதில்.

இனி, பாடம் புகட்டும் படலத்திற்கு வருவோம். 2024 ஜனவரித் தொடக்கத்தில் இந்தியப் பிரதமர் அத்தீவுகளுக்குச் சென்றார். மூச்சுக்குழல் பூட்டி நீரில் மிதந்தார். படங்கள் பாரெங்கும் பரவின. சாகசம் விரும்புவோர் தம் பட்டியலில் இலட்சத்தீவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் அதைக் கண்டு நாகரிகம் துறந்த சொற்களை வீசினர். தவறுதான். அந்த நாட்டு அரசே மூவரையும் இடைநீக்கம் செய்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம். முடியவிட்டார்களா? மாலத்தீவைப் புறக்கணி என்று முழக்கம்! நட்சத்திர நடிகர்கள் அறிக்கை! ஆட்டக்காரர்கள் ஆதரவு! பயண நிறுவனம் ஒன்று மாலத்தீவுக்கு விமானச்சீட்டுப் பதிவதையே நிறுத்தி வைத்துத் தன் தேசபக்தியைப் பறைசாற்றியது. எல்லையில் நிற்கும் வீரனின் தேசபக்தி தெரியும். சிறைக்குச் சென்ற தியாகியின் தேசபக்தி தெரியும். குளியல் உடையில் கடலில் இறங்கிய தேசபக்தியை அன்றுதான் நாடு கண்டது!

அந்த ஆரவாரத்திலே ஒரு வேடிக்கை. இலட்சத்தீவின் தென்கோடியில் மினிக்காய் என்று ஒரு தீவு. மற்றத் தீவுகளில் மலையாளம் பேச, அங்கே பேசும் மொழி மஹல். மாலத்தீவு மக்களின் திவேஹி மொழியின் ஒரு வடிவமே அது. எழுத்தும் அதே எழுத்து; வலமிருந்து இடமாக எழுதுவர். யாருக்குப் பாடம் புகட்டப் போகிறாயோ, அவன் மொழியைப் பேசுகிறவன் வீட்டில்தான் உனக்குச் சோறு. இது தெரியாமல் போர்முழக்கம் செய்தவர்களை என்னென்பது!

மாலத்தீவைப் பற்றியும் ஒரு சொல். 1972-இல் முதல் உல்லாச விடுதி அங்கே எழுந்தது. சுமார் 5 இலட்சம் பேர் வாழும் அந்த நாட்டிற்கு 2024-இல் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். பணம் குவிந்தது, காயல்களை மணலால் தூர்த்து நிலம் செய்யும் வேலையும் வளர்ந்தது. அதனால் விளைந்த கேடுகளைப் பற்றி அந்நாட்டு மக்களே கொதித்துப் பேசுகின்றனர். நல்லதோ கெட்டதோ, அதைத் தீர்மானிக்க அவர்களுக்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. பிடிக்காத ஆட்சியை வாக்குச்சீட்டால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அனுப்பியும் இருக்கிறார்கள். "மாலத்தீவுக்கு மாற்று" என்று மார்தட்டுகிற பெருமக்களே, மாலத்தீவுக்காரனுக்கு இருக்கும் அந்த மன்றத்தை இலட்சத்தீவுக்காரனுக்குக் கொடுத்தீர்களா?

இல்லை, தோழனே, இல்லை!

36 தீவுகள் என்று பாடநூலில் படித்திருப்பாய். மக்கள் வாழ்வது பத்துத் தீவுகளில். மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 64,473. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2000 பேருக்கும் மேல். அதே கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டில் 555 பேர்தான். விளம்பரப் படத்திலே ஆளரவமற்ற வெண்மணல் தெரிகிறது. இடம் வெறுமனே கிடக்கிறது என்று எண்ணிவிடாதே. ஒவ்வொரு தென்னைக்கும் அங்கே ஒரு குடும்பம் உண்டு.

நமக்கும் அவர்களுக்கும் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் வரையில் அமினித் தீவுக் கூட்டம் தென்கன்னட மாவட்டத்தையும், மற்றவை மலபார் மாவட்டத்தையும் சேர்ந்திருந்தன. இரண்டுமே சென்னை மாநிலத்தின் மாவட்டங்கள். அதாவது, நம் ஜார்ஜ் கோட்டையின் ஆளுகை அலை கடந்து அதுவரை சென்றது. நன்றாக ஆண்டோம் என்று நெஞ்சு நிமிர்த்த அதில் அதிகம் இல்லை. தொலைவிலிருந்து ஆளுவோர் எப்படி ஆளுவார்களோ அப்படித்தான் ஆண்டோம். அந்த நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. மலபார் கேரளத்தோடு சேர்ந்து சட்டமன்றம் பெற்றது. தென்கன்னடம் மைசூரோடு சேர்ந்து சட்டமன்றம் பெற்றது. தீவு மட்டும் டில்லியின் நேரடிப் பிடிக்குள் போயிற்று. சட்டமன்றம் கிடையாது. முதலமைச்சர் கிடையாது. நாடாளுமன்றத்திற்கு ஒரே ஓர் உறுப்பினர்.

அரசியல் சட்டத்தின் 239-ஆம் விதிப்படி குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு நிர்வாகி ஆளுகிறார். 240-ஆம் விதிப்படி அத்தீவுகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டங்களைக் குடியரசுத் தலைவரே ஆக்கலாம். அவற்றுக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் வலிமை உண்டு. குடியரசுத் தலைவர் என்றால் யார்? மத்திய அமைச்சரவை. மத்திய அமைச்சரவை என்றால்? உள்துறை. உள்துறையின் மேசையில் ஒரு கோப்பு. கோப்பின் ஓரத்தில் ஒரு கையெழுத்து. ஒரு மக்களின் தலைவிதி மாறுகிறது. மாநில சுயாட்சி என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அது வெறும் வரிப்பங்கீட்டு வழக்கா? தன் முற்றத்தில் எது நடக்கலாம், எது நடக்கலாகாது என்று சொல்லும் உரிமை ஒரு மக்களுக்கு வேண்டும் என்பதன்றோ அதன் உயிர்! அந்த உரிமை அடியோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க விரும்புகிறவன் இலட்சத்தீவைப் பார்க்கலாம்.

2020 டிசம்பரில் அங்கே புதிய நிர்வாகி வந்தார். அதுவரை பெரும்பாலும் ஆட்சிப்பணி அதிகாரிகளே அமர்ந்த நாற்காலியில், குஜராத்தின் முன்னாள் உள்துறை இணை அமைச்சர் பிரபுல் கோடா படேல் அமர்ந்தார். அதன் பிறகு வந்தன பார் வரைவுகள், வரிசை வரிசையாக! எந்த நிலத்தையும் திட்டப் பகுதி என்று அறிவித்து, எடுத்து, இருப்பவரை இடம்பெயர்க்க வழிசெய்யும் வளர்ச்சி ஆணைய வரைவு. குற்றம் மிகக் குறைந்த அப்பகுதிக்கு, விசாரணையின்றி ஓராண்டு வரை சிறையில் அடைக்க வழிசெய்யும் குண்டர் தடுப்பு வரைவு. இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்றொரு வரைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் இசுலாமியராக வாழும் ஊரில் மாட்டிறைச்சித் தடைக்கு ஒரு வரைவு. பள்ளிப்பிள்ளையின் மதிய உணவுத் தட்டிலிருந்து இறைச்சி நீங்கியது. பங்காரம் என்ற ஒரே தீவில் மட்டும் பயணிகளுக்கென்று அனுமதிக்கப்பட்டிருந்த மதுவைக் குடும்பங்கள் வாழும் தீவுகளுக்கும் கொண்டுவர ஏற்பாடு நடந்தது. கடலோரத்தில் மீனவர் வலையும் படகும் வைத்திருந்த கொட்டகைகளைச் சட்டவிரோதம் என்று சொல்லி இடித்துத் தள்ளினார்கள். மீனவன் கொட்டகை கரையைக் கெடுக்குமாம்! மாளிகை விடுதி கரைக்கு அழகு செய்யுமாம்!

மக்கள் என்ன செய்தார்கள்? கல்லெடுத்தார்களா? கப்பலைக் கொளுத்தினார்களா? 2021 ஜூன் 7-ஆம் நாள் தீவுகள் முழுவதும் தத்தம் வீட்டு வாசலில் அமர்ந்து பன்னிரண்டு மணிநேரம் உண்ணாநோன்பு இருந்தனர். அதற்கு ஒரு வாரம் முன்பே, மே 31-இல், கேரளச் சட்டமன்றம் அந்த நிர்வாகியைத் திரும்ப அழைக்கச் சொல்லி ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியிருந்தது. தீவின் மகள் ஒருத்தி, திரைப்பட இயக்குநர், தொலைக்காட்சி விவாதத்தில் நிர்வாகத்தைச் சாடிச் சொன்ன ஒரு சொல்லுக்காக அவர்மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. கேரள உயர்நீதிமன்றம் முன்பிணை கொடுத்தது. நாடகமேடையிலே வசனம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தச் செய்தி என்ன சொல்லிற்று என்பதை நீயே ஊகித்துக்கொள்.

நாடகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு சிறு காட்சியைக் கற்பனை செய்து பார். திரை உயர்கிறது. தென்னை நிழல். கையில் வண்ணப்படத்துடன் விடுதி முதலாளியின் ஆள். எதிரே வலை பின்னும் தீவுக்காரர்.

"பெரியவரே, உமக்கு நல்ல காலம் பிறந்தது! இந்தக் காயலில் நீர்மேல் வீடுகள் கட்டப்போகிறோம். ஒரு இரவுக்கு வாடகை என்ன தெரியுமா?"

"தெரியாது. யாரைக் கேட்டுக் கட்டுகிறீர்கள்?"

"டில்லியைக் கேட்டு."

"டில்லிக்கு இந்தக் காயலில் தூண்டில் போடத் தெரியுமா?"

"என்ன பெரியவரே, வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறீர்!"

"நான் நிற்கவில்லையே, உட்கார்ந்திருக்கிறேன். என் பாட்டன் உட்கார்ந்த இடம்."

திரை விழட்டும். கற்பனைதான், ஆனால் அந்தப் பெரியவர் கேட்ட தூண்டில் கேள்வி கற்பனையல்ல. இலட்சத்தீவின் முதன்மைத் தொழில் சூரை மீன் பிடிப்பு. பெருவலை வீசி அள்ளும் முறை அவர்களுடையதன்று. கம்பும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொரு மீனாகத் தூக்குவார்கள். சூரைக் கூட்டத்தைப் படகருகே இழுக்க உயிருள்ள சிறுமீன்களை நீரில் இறைக்க வேண்டும். அந்தச் சிறுமீன் எங்கே கிடைக்கும்? காயலில், பவளத்தின் நிழலில். காயல் கெட்டால் சிறுமீன் இல்லை. சிறுமீன் இல்லையேல் சூரை இல்லை. சூரை இல்லையேல், நம் வீட்டுச் சம்பலில் மணக்கும் மாசிக் கருவாடும் இல்லை. நீ மேலே மிதந்து வேடிக்கை பார்க்கும் நீர்தான் அவர்களுக்கு உழவு நிலம்.

அந்த நிலத்திற்கு வந்திருக்கும் திட்டம் என்ன? மினிக்காய், கடமத், சுஹேலி ஆகிய இடங்களில் கரையிலும் காயலின் மேலும் உல்லாச வீடுகள் கட்ட நிதி ஆயோக் திட்டம் வகுத்தது. சுஹேலியிலும் கடமத்திலும் தாஜ் விடுதிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 110 அறைகள் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. சுஹேலியில் 50, கடமத்தில் 35 வீடுகள் நீரின் மேலேயே நிற்குமாம். நீர்மேல் வீடு நிற்கக் கால் வேண்டும். கால் ஊன்றப் பவளத்தரை வேண்டும். மிச்சத்தை நீயே கணக்குப் போடு.

வீட்டுக்குக் கால் மட்டும் போதுமா? தண்ணீர் வேண்டாமா? தீவில் ஆறில்லை என்றேன். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்றில் வருவது அந்தப் படலம். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். அதனால்தான் நம் சென்னையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2005-இல் கவரத்தியில் ஓர் ஆலை அமைத்தனர். மேற்பரப்புக் கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக்கொண்டு அந்த ஆவியைக் குடிநீராக்கும் ஆலை. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர். பாராட்டத்தக்க சாதனை; தமிழ் மண்ணிலுள்ள நிறுவனம் செய்தது என்பதில் பெருமையும் உண்டு. ஆனால் 2011-இல் கவரத்தியின் மக்கள் தொகை 11,221. ஆளுக்கு 9 லிட்டர் கூட முழுதாக வரவில்லை. இந்தக் கணக்கில், காலையும் மாலையும் குளித்து, குளிர்நீர்த் தொட்டியிலும் நீந்தும் கோமான்களின் பங்கு எங்கிருந்து வரும்?

இவற்றுக்கெல்லாம் மேலே, கடல் கொதிக்கிறது. 1998-இல் பெரும் வெளுப்பு. 2010-இல் மீண்டும். 2016-இல் மீண்டும். 2024-இல் மறுபடியும். கவரத்தி, அகத்தி, கடமத் பகுதிகளின் பவளத்தை 24 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த அறிஞர்கள், உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது என்கின்றனர். பங்காரத்தின் அருகே பரளி என்ற சிறு தீவு ஒன்று அரித்து அரித்துக் கடலில் கரைந்தே போயிற்று. 2017-இல் அதை ஆய்வாளர் பதிவு செய்தார். மதில் இடிந்துகொண்டிருக்கும் வீட்டில் மாடி கட்ட ஆள் அனுப்புகிறார்கள்!

"அப்படியானால் தீவுக்காரனுக்கு வேலை வேண்டாமா? வருவாய் வேண்டாமா? காலமெல்லாம் தேங்காய் உரித்தே சாகட்டும் என்கிறாயா?" என்று எதிரணியார் கேட்பர். நல்ல கேள்வி. வேலை வேண்டும், வருவாயும் வேண்டும். பிரதமர் வந்த அதே 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து தீவுகளுக்குக் கடலடி இணையக் கம்பி தொடங்கி வைக்கப்பட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், வரவேற்கிறேன். படிக்கும் பிள்ளைக்கு அது கண். சுற்றுலாவும் வரட்டும். தீவுக்காரன் தன் வீட்டின் இரண்டு அறையை விருந்தினருக்கு விடட்டும். தன் படகில் அழைத்துப் போகட்டும். தன் காயலைத் தானே காட்டட்டும். உச்சநீதிமன்றம் நியமித்த நீதிபதி இரவீந்திரன் தலைமையிலான குழு, தீவின் தாங்குதிறனை அளந்து அதற்குள் அடங்கிச் செய்ய ஒரு மேலாண்மைத் திட்டத்திற்கு ஏற்கனவே வழி வகுத்திருக்கிறது. அந்தப் பாதையை விட்டு விலகி, அவசர அவசரமாக வேறு பாதை வெட்டுவது யாருடைய வருவாய்க்காக? எதிரணியார் பதில் சொல்லட்டும்.

மற்ற நாடுகள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் மாயா விரிகுடா, ஒரு திரைப்படத்தால் புகழ்பெற்று, கூட்டத்தால் சீரழிந்து, 2018 ஜூனில் மூடப்பட்டது. 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள், நீந்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. பிலிப்பைன்சின் போரகாயை 2018-இல் ஆறு மாதம் இழுத்துப் பூட்டினார்கள். பூட்டிய நாளில் முதலாளி வேறு தீவுக்குப் போனான். பரிமாறியவனும் படகோட்டியவனும் கூலி இழந்தனர்.

இன்னொரு முணுமுணுப்பு: "சொந்த நாட்டில் போக அனுமதிச் சீட்டா? அநியாயம்!" 1967-ஆம் ஆண்டின் நுழைவு விதிகள்படி, தீவின் குடிகள் அல்லாதார் உள்ளே போகவும் தங்கவும் அனுமதி பெற வேண்டும். உன் ஊர்க் காவல் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று வாங்க அலைய வேண்டியிருக்கும், சலிப்பு வரும், தெரியும். ஆனால் அத்தீவின் பழங்குடி மக்கள் அரசியல் சட்டப் பட்டியலில் இடம்பெற்றவர்கள். சுண்டுவிரல் அகல நிலத்தையும் வெளியார் வாங்கிக் குவித்துவிடாமல் காக்கும் கதவு அது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவது யாருக்கும் இழுக்கல்ல. அந்த விதியை நீக்கச் சொல்லி எவனாவது உன்னிடம் கையெழுத்துக் கேட்டால் போடாதே. அவன் நீந்துவதற்காகக் கேட்கவில்லை.

சரி, போகத்தான் போகிறாய். அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரைதான் கடல் இடம் கொடுக்கும். பிறகு தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். விமானம் இறங்க அகத்தியில் ஏறத்தாழ 1200 மீட்டர் ஓடுதளம் ஒன்றே உண்டு; சிறு விமானங்கள் மட்டுமே இறங்கும். கொச்சியிலிருந்து கப்பல், தீவைப் பொறுத்துப் பதினான்கு முதல் பதினெட்டு மணிநேரம். அந்தக் கப்பல் உனக்கு உல்லாசம்; அவர்களுக்கு மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகும் பேருந்து. 2023-இல் ஓடும் கப்பல்கள் குறைந்து, சீட்டுக் கிடைக்காமல் நோயாளியும் மாணவனும் துறைமுகத்தில் தவித்தார்கள். ஆகவே அவர்கள் ஊர் திரும்பும் பெருநாள் நெருக்கடியில் நீ போய் இடம் பிடிக்காதே. தீவுக்காரர் நடத்தும் இல்லத்தில் தங்கு. நீரில் இறங்கும்போது மிதவைச் சட்டையைக் கழற்றாதே, தனியே போகாதே, காயலிலிருந்து ஆழ்கடலுக்கு நீர் பாயும் வாய்ப்பகுதிக்கு அருகே போகாதே. களைத்துவிட்டது என்று பவளத்தின் மேல் காலூன்றாதே. நீ ஒரு நொடி நின்ற இடம் பல ஆண்டு வளர்ந்த இடம். வெயிலுக்குப் பூசும் சில வகைக் களிம்புகள் பவளத்திற்கு நஞ்சு என்று கருதிப் பலாவு நாடு 2020-இலும் ஹவாய் 2021-இலும் தடை செய்தன. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பின் தேவை பெரிதும் குறைந்துவிடும். நினைவுப் பொருள் என்று ஒரு துண்டுப் பவளம் எடுத்தாலும் குற்றம். புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு 2001 முதல் பவளத்திற்கும் உண்டு.

போகுமுன் இன்னும் ஒரு வேலை பாக்கி. பித்ரா என்று ஒரு தீவு. மக்கள் வாழும் தீவுகளில் மிகச் சிறியது. 2011-இல் அங்கே 271 பேர். 2025 ஜூலையில் ஓர் அறிவிக்கை வந்தது. தீவு முழுவதையும், ஒரு பிடி மண் விடாமல், பாதுகாப்புத் தேவைக்காக எடுத்துக்கொள்வது குறித்துச் சமூகத் தாக்க ஆய்வு செய்யப்போவதாக. நாட்டின் பாதுகாப்பு வேண்டாம் என்று எவன் சொன்னான்? ஆளில்லாத தீவுகள் இத்தனை இருக்க, ஆளிருக்கும் ஊர் எதற்கு என்று அந்தத் தீவின் நாடாளுமன்ற உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார். ஒரே உறுப்பினர், ஒரே குரல். நம் தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 குரல்கள் உண்டு. உன் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுது. பித்ராவின் மக்களைக் கேட்காமல் பித்ராவைத் தொடலாகாது, தீவு மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் 240-ஆம் விதியின் கீழ் எந்த ஒழுங்குமுறையும் வரலாகாது என்று அவையில் எழுந்து பேசச் சொல். உன் கிளைத் தோழர்களையும் எழுதச் சொல். கடிதத்தை அஞ்சலில் சேர்த்த பிறகு, கப்பல் சீட்டுக்கு மனுப் போடு.